சவரியம்மாள் பேசிய ஒரு மணி நேரம்

சித்தார்த் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவன் செய்த வேலையைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது. கெட்டவனாக இருந்திருந்தால் செய்ததைச் செய்துவிட்டு மூன்று வேளையும் தின்று குறட்டை விட்டிருப்பான். இவன் ஒரு வருஷமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது பாராட்டினால் காது மடல் சுடும். வெட்கம் அவனுக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பிலேயே வந்தது.

கடலூர் முதுநகர்ப் பையன், வயது இருபத்திரண்டு. பி.எஸ்சி. இயற்பியலை எப்படியோ முடித்துவிட்டு, சிதம்பரம் மேல வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் நடக்கிற ஒலிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தான். படத்துக்குச் சத்தம் அமைப்பது, கம்ப்யூட்டரிலேயே இசை செய்வது, இரண்டும் ஒரே வருஷத்தில். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவான். "எம் புள்ள சினிமாவுக்குச் சத்தம் போடப் படிக்கிறான்" என்று அவன் அம்மா ஜெயராணி, தான் வேலை பார்க்கும் சத்துணவுக் கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள். "சத்தம் போடறதுக்கு எதுக்குடி படிப்பு? எங்க வீட்டுக்காரரு படிக்காமலே போடறாரு" என்று கூட வேலை பார்க்கிறவள் கேட்டாளாம்.

அங்கே போன பிறகுதான் தனக்குக் காது என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. திரையில் எலும்பு முறிந்தால் மைக்குக்குப் பக்கத்தில் முருங்கைக்காயை ஒடிக்க வேண்டும். குதிரை ஓடினால் இரண்டு கொட்டாங்குச்சி. அடைமழைக்கு எண்ணெய்ச் சட்டியில் அப்பளம். வகுப்பெடுக்கும் செம்பியன் சென்னை ஸ்டுடியோக்களில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர், கோபக்காரர். முதல் நாளே சொன்னார்: "ரெக்கார்டர் கார்டுல இருக்கறத ரெண்டு எடத்துல ஏத்தணும். ஏத்துனத காதால கேட்டுப் பாக்கணும். அப்பறந்தான் கார்டை அழிக்கணும். கேக்காம அழிக்கறவன் இந்த மாடிப்படி ஏறக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தார்த் நோட்டில் எழுதி அடிக்கோடே போட்டான். என்ன பிரயோஜனம்?

அதே மாடியில் எடிட்டிங் அறையை வாடகைக்கு எடுத்திருந்தவள் மலர்க்கொடி, காட்டுமன்னார்கோயில்காரி. கடலூர் துறைமுகத்தில் கருவாடு காயவைக்கிற பெண்களைப் பற்றி இருபது நிமிஷ ஆவணப்படம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். ஒலிக்குத் தனியாக ஆள் வைக்க வசதியில்லை, சித்தார்த் கிடைத்தான். பேசுகிற முகங்களைக் காட்டுவதில்லை என்பது அவள் தீர்மானம். திரையில் கைகள் மட்டும் மீனைக் கீறும், உப்பைத் தடவும், பாயில் பரப்பும். குரல் மேலே ஓடும். அந்தக் குரலுக்கு அவள் பிடித்து வைத்திருந்தது சவரியம்மாளை. அறுபத்தொரு வயசு, முப்பது வருஷமாக அதே தகரக் கொட்டகையில் அதே வேலை. ஆனால் மலர்க்கொடியையும் கேமராவையும் பார்த்தால் அந்தம்மாள் "ஆமா", "இல்ல", "நல்லாத்தான் இருக்கம்", இதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

"நீ உள்ளூரு பையன்டா. நீ மட்டும் போயி பேச வெச்சி எடுத்துனு வா. நான் இருந்தா ஆவாது" என்று ஆறு கேள்விகள் எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பினாள் மலர்க்கொடி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சித்தார்த் போனான். மைக்கை வைத்தான், ஹெட்போனை மாட்டினான். ஒரு மணி நாலு நிமிஷம் பதிவானது. வெளியே வந்து மலர்க்கொடிக்குப் போன் போட்டு, "செமயா பேசுனாங்கக்கா" என்றான். அப்படியே சிதம்பரம் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ரெக்கார்டரை லேப்டாப்பில் மாட்டிப் பதிவை ஏற்றவும் ஏற்றினான்.

மறுநாள் புதன். பையனுக்கு அப்போது ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. மீன் பெட்டிகளைத் தூக்கிப் போடும்போது வருகிற 'தொம்' சத்தத்தைப் பிடித்து, வெட்டி ஒட்டி, அதையே தாளமாக வைத்து ஒரு மின்னணுப் பாட்டு பண்ண வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இணையத்தில் இறக்கின டிரம் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்க, தான் மட்டும் துறைமுகத்தையே டிரம்மாக்கிக் காட்ட வேண்டும் என்று ஆசை. விடிந்ததும் போய் நின்றான். கார்டில் இடமில்லை. சவரியம்மாளைத்தான் நேற்றே ஏற்றியாயிற்றே? லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். போல்டர் இருந்தது, அதன் மேல் அவர் பேரும் இருந்தது. கார்டை அழித்தான். நாற்பது நிமிஷம் பெட்டிச் சத்தம் பிடித்தான்.

சாயங்காலம் அந்தப் போல்டருக்குள் போனால் ஒன்றுமே இல்லை. பஸ் குலுக்கலில் ஒயர் கழன்றிருக்கிறது, இவன் மூடியை மூடிவிட்டு வெளியே வேடிக்கை பார்த்திருக்கிறான். போன் ரிப்பேர் கடை, கம்ப்யூட்டர் கடை, தெரிந்த மச்சான், தெரியாத மச்சான் என்று இரண்டு நாள் நாயாய் அலைந்தான். அழிந்ததை மீட்கிற மென்பொருள் மீட்டுக் கொடுத்ததெல்லாம் மீன் பெட்டி. தொம், தொம், தொம்.

சொல்லியிருக்கலாம். "தப்பு நடந்து போச்சுக்கா" என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். இவன் போட்ட கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய், மைக் கோளாறு என்று ஒரு பொய்யைச் சொல்லி, எல்லாவற்றையும் இன்னொரு தரம் பேச வைத்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையிலேயே சவரியம்மாளுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மலர்க்கொடி அழுதுகொண்டே போன் பண்ணினாள். "நல்ல வேளைடா சித்து, அவுங்க கொரலயாவது நீ எடுத்து வெச்சியே."

"ஆமாக்கா" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவனுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. வாரக்கணக்கில் "எடிட் பண்ணிட்டு இருக்கன்கா, சுத்தம் பண்ணிட்டு இருக்கன்கா" என்று இழுத்தான். கடைசியில் மலர்க்கொடி, "அடுத்த வாரம் கொரலு வேணும், இல்லன்னா நானே வந்து ஒக்காந்து கேக்கறன்" என்றுவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் ஜெயராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சவரியம்மாளின் அதே முதுநகர்ப் பேச்சு, அதே கரகரப்பு. பையன் மைக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "யம்மா, கிளாஸ்ல ஒரு பயிற்சி. நீ கருவாட்டுக்காரம்மா மாதிரி பேசணும்." பேச வேண்டியதையும் அவனே எழுதியிருந்தான். கடல்தான் எங்களுக்குத் தாய், உப்புதான் எங்களுக்குச் சோறு என்கிற மாதிரி மூன்று நிமிஷம். ஜெயராணி படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இப்புடியாடா பேசுவாங்க? எலெக்சன் மீட்டிங்கு மாதிரி இருக்கு."

"பேசும்மா, சும்மா."

பேசினாள். அவன் அந்தக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான், வயசைக் கூட்டினான், தகரக் கொட்டகையின் எதிரொலியைச் சேர்த்தான், அடியில் அலை இரைச்சலையும் தான் செய்த மெல்லிய இசையையும் ஓடவிட்டான். படித்த வித்தை அத்தனையையும் அந்த மூன்று நிமிஷத்தில் கொட்டினான். வேலை படு சுத்தம். மலர்க்கொடி கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செம்பியன் அதை வகுப்பில் போட்டுக் காட்டி, "ஒரு மனுசிய எப்புடிப் பதிவு பண்றதுன்னு இவங்கிட்ட கத்துக்கங்க" என்றார். வாயிலிருந்து நல்ல வார்த்தையே வராத மனுஷர்! சித்தார்த் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினான். நாலைந்து தடவை கழுவினான்.

ஜனவரியில் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். சவரியம்மாளின் ஒரே மகள் பிரிசில்லா, கடலூரில் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். குரல் ஆரம்பித்ததும் அவள் முதுகு நிமிர்ந்ததைக் கடைசி வரிசையில் இருந்து சித்தார்த் பார்த்தான். அதற்கப்புறம் அவன் திரையைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் அவள் நேராக அவனிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எங்கம்மா வெச்சிருந்தது பட்டன் போனு. எங் கல்யாண வீடியோவுல கூட அது பேசல, ஓரமா நின்னுட்டு இருக்கும். அது கொரலு எங்ககிட்ட ஒரு பொட்டு கூட இல்ல. மைக்குல கொஞ்சம் வேற மாதிரி கேக்குது, மைக்குன்னா அப்புடித்தான இருக்கும்? அத மட்டும் எனக்கு அனுப்பறியா?"

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு பக்கம் செம்பியன் நிற்கிறார், மறு பக்கம் மலர்க்கொடி தோளில் கை போட்டிருக்கிறாள், சுற்றிலும் ஆட்கள். இவன் போனை எடுத்தான், அனுப்பினான். தன் அம்மாவின் குரலை இன்னொருத்திக்கு அவள் அம்மா என்று சொல்லி, அங்கேயே நின்றபடி, இரண்டு தடவை விரலால் தட்டி அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடமிருந்து செய்தி வரும். கோயிலுக்குப் போய் வந்து அம்மாவைக் கேட்டேன் தம்பி. நேற்று மனசு சரியில்லை, அம்மாவைக் கேட்டேன். ஒரு வாரம் குரலிலேயே அனுப்பினாள்: "பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுனன். ஆயா ஆயான்னு போனுக்கு முத்தம் குடுக்குது. நீ நல்லா இருப்ப தம்பி." சித்தார்த் போனைக் கவிழ்த்து வைத்தான். சீ என்று இருந்தது, தன்னை நினைத்தாலே சீ என்று இருந்தது.

பிப்ரவரி பிறந்தது. பிரிசில்லா போனே பண்ணிவிட்டாள். "வர்ற பதினாறாந்தேதி அம்மாவுக்கு வருச நெனவு பூசை. சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க. அம்மா ஜாஸ்தி நேரம் பேசியிருக்குன்னு மலர்க்கொடி சொன்னாங்க. மிச்சத்தயும் குடு தம்பி. பூசை முடிஞ்சி வீட்டுல எல்லாரும் குந்தி கேக்கலாம்னு இருக்கம்."

"சரிக்கா" என்றான். மறுபடியும் அதே புத்தி! மைக்கைத் தூக்கிக்கொண்டு ஜெயராணியிடம் போனான்.

"யம்மா, அன்னிக்கி மாதிரி இன்னும் கொஞ்சம் பேசணும். ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா? யாருக்குடா? படிப்புதான் முடிஞ்சிச்சே?"

ஜெயராணி அவன் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? "என்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்றாள். அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கார்டு, பெட்டிச் சத்தம், சனிக்கிழமை, மண்டபம், பாப்பா முத்தம் கொடுத்தது வரைக்கும்.

"அடப் பாவி" என்றாள் ஜெயராணி. "செத்தவ வாயில எம் பேச்ச வெச்சியா? அந்தப் பொண்ணு என்னையக் கேட்டுக் கேட்டா அழுவுது?"

அவன் தலையாட்டினான். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. முந்தானையை எடுத்துத் தன் வாயை மூடிக்கொண்டாள், தப்பு அங்கேதான் நடந்தது போல. பிறகு அதை விலக்கி, "நான் வர மாட்டன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது? நான் வாயத் தொறந்தா அந்தப் பொண்ணு என்னா ஆவும்? நீ போ. இன்னிக்கே போ" என்றாள்.

தெருவில் நின்று முதலில் மலர்க்கொடிக்குப் போன் பண்ணிச் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள், போனை வைத்துவிட்டாள். ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிரிசில்லா வீட்டுக்குப் போனபோது மணி ஐந்தரை. அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தாள். "வா தம்பி, நானே வந்து வாங்கிக்கலாம்னு இருந்தன்" என்று ஓடிப் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அவன் அதைத் தொடவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒன்றையும் விடாமல் சொன்னான்.

பிரிசில்லாவுக்கு முதலில் பிடிபடவில்லை. "அப்ப இது யாரு?" என்று கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"எங்கம்மாக்கா."

அவள் ஒரு முறை ஓடவிட்டாள். 'கடல்தான் எங்களுக்குத் தாயி' என்று ஜெயராணி ஆரம்பித்ததும் நிறுத்தினாள். "எங்கம்மா இப்புடிப் பேசாது" என்று தனக்குத்தானே சொன்னாள். "எனக்கு அப்பவே தோணிச்சி. கடலப் பாத்தாலே அதுக்கு எரிச்சலு வரும், இதப் போயி தாயிங்குதேன்னு தோணிச்சி. நான்தான் வேணாம்னு தள்ளி வெச்சிட்டன்." அப்புறம் போனில் அந்தக் கோப்பைத் தேடி, அழுத்தி, அழித்தாள். அதை அவன் பார்க்கும்படியே செய்தாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, அது போவட்டும். அன்னிக்கி நெசமா எங்கம்மா என்னா பேசிச்சி? நீ சொல்லு. மிசினுல இல்லன்னா என்னா, நீ பக்கத்துல குந்தி கேட்டல்ல? ஞாபகம் இருக்கறத சொல்லு, நான் எழுதி வெச்சிக்கறன்."

சித்தார்த் நினைவுபடுத்திப் பார்த்தான். எல்லாம் அப்படியே காதில் இருந்தது. ஐஸ் லாரி பின்னோக்கி வரும்போது போட்ட பீப் சத்தம். தகரத்தின் மேல் ஒரு காக்கா நடந்தது. இடுப்பில் சாவிக்கொத்து கிணுகிணுவென்றது, அதைக் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னான், அந்தம்மாளும் மறுபேச்சில்லாமல் வைத்தார். ஒரு ஹாரன் வந்து பேச்சைக் கெடுத்தது, "இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றான், அவர் சொன்னார். எதை இன்னொரு வாட்டி சொன்னார்? ஓரிடத்தில் குரல் ரொம்பத் தாழ்ந்து போனது, இவன் உடனே ஒலியளவைக் கூட்டினான், சரியாகக் கூட்டினோம் என்று சந்தோஷம்கூடப் பட்டான். எதைப் பேசும்போது குரல் அப்படித் தாழ்ந்தது? யோசித்தான், யோசித்தான். சத்தம் இருந்தது, பேச்சு இல்லை. ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் கூட அகப்படவில்லை.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லிச்சா?" என்றாள் பிரிசில்லா.

நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'உங்களப் பத்தித்தான்கா ஜாஸ்தி பேசுனாங்க.' சொல்லிவிட்டால் அவள் முகம் மலர்ந்துவிடும், இவனும் எழுந்து போய்விடலாம். இப்படிப்பட்ட இன்னொரு மூன்று நிமிஷத்தை ஜோடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"தெரியலக்கா" என்றான். "நான் சத்தம் சரியா ஏறுதான்னு பாத்துட்டு இருந்தன். அவுங்க என்னா பேசுனாங்கன்னு கவனிக்கல."

"ஒரு மணி நேரமுமா?"

"ஆமாக்கா."

வாசலில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் பிரிசில்லா பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கி சாயங்காலம் அம்மா இங்கதான் வந்திச்சி. நான் சமையல் அவசரத்துல இருந்தன், என்னா பேசுனன்னு நானும் கேக்கல. அதுவா வந்து அடுப்பாண்ட நின்னுக்கினு சொல்லிச்சி. 'இன்னிக்கி ஒரு புள்ள வந்துச்சிடி. ரெண்டு காதுலயும் என்னமோ மாட்டிக்கினு, குறுக்க பேசாம, ஒரு மணி நேரம் எம் பேச்சயே கேட்டுக்கினு குந்தியிருந்துச்சி. என் ஆயுசுக்கும் என்னைய யாரும் அப்புடிக் கேட்டதில்லடி'ன்னிச்சி. அவ்ளோ சந்தோசமா சொல்லிச்சி தம்பி."